இடம் மாறிய இரண்டு விடுமுறைகள்

என்னங்க,

நேர்ல பேசினா எழுந்து போயிடுவீங்க. அதான் எழுதி உங்க மூக்குக்கண்ணாடிக்கு அடியில வைக்கிறேன்.

இன்னைக்கு அச்சகத்துல என் மானம் போச்சு. அடுத்த வருஷக் காலண்டர்ல ரெண்டு விடுமுறையோட பேரை இடம் மாத்தி அச்சுக் கோத்திருந்தாங்க. ப்ரூஃப் பார்த்த நான் சரின்னு கையெழுத்துப் போட்டுட்டேன். "போர்ல செத்தவங்களுக்கு ஒரு நாள், திரும்பி வந்தவங்களுக்கு ஒரு நாள். பட்டாளத்துக்காரர் சம்சாரத்துக்கே இது தெரியாதாம்மா?"ன்னு மேனேஜர் கேட்டார்.

எனக்கு எப்படிங்க தெரியும்? செத்தவங்க நாள்லதான் நீங்க காலையிலேயே சவரம் பண்ணி, மெடலைக் குத்திக்கிட்டுக் கிளம்புறீங்க. அதுதான் உங்க நாள்னு பதினோரு வருஷமா நினைச்சுக்கிட்டிருந்தேன். திரும்பி வந்தவங்க நாள்ல கதவைச் சாத்திக்கிட்டுப் படுத்துடுறீங்க. துக்க நாள் போலிருக்குன்னு நானும் ரேடியோவை அணைச்சு வைப்பேன்.

காலண்டர்ல திருத்திட்டேன். வீட்டுல எதை எப்படித் திருத்துறதுன்னுதான் புரியல.

வர்ற வெள்ளிக்கிழமை திரும்பி வந்தவங்க நாளாம். எனக்கும் லீவு. நீங்க வந்துட்டீங்களா இல்லையான்னு அன்னைக்காவது சொல்லுங்க.

பக்கத்து அறையிலிருந்து,
உங்க மனைவி