பின் சீட்டுப் புகை

கும்மிடிப்பூண்டி
12-7-1969

என் கனகாவுக்கு,

இனி நம் காரில் உனக்குத் தலை சுற்றாது.

நீ உன் அம்மா வீட்டுக்குப் போன பிறகு நாங்கள் பெரியபாளையம் போனோம். எப்போதும் முன்னால் உட்காரும் அம்மா, கால் நீட்டிக்கொள்ள பின் சீட்டில் உன் இடத்துக்குப் போனாள். பாதி வழியில், "தலைய சுத்துதுடா. அந்தப் பொண்ணு நடிக்கல போலக்கீது" என்றாள்.



வீடு வந்ததும் தூபக்காலில் சாம்பிராணி போட்டு டிக்கிக்குள் வைத்து மூடினேன். மூடியின் ரப்பர் தேய்ந்த ஓரத்தில் புகை வெளியே வந்தது; பின் சீட்டுப் பக்கமும் வந்தது. சைலன்சர் புகை அந்த வழியாகத்தான் உள்ளே நுழைந்திருக்கிறது. ரப்பரை மாற்றினேன். தம்பியை ஓட்டவிட்டு, ஜன்னலை மூடிக்கொண்டு, பின்னால் நானே உட்கார்ந்து பொன்னேரி வரை போய் வந்தேன். எனக்குத் தலை சுற்றவில்லை.

வெள்ளிக்கிழமை உன்னை அழைத்துப்போக வருகிறேன். அம்மாவும் வருகிறாள். முன் சீட்டு உனக்காம்.

உன் வீட்டுக்காரன்