மௌலவி வீட்டாள் இறங்கிய இடம்

ஜூன் 11, திங்கள்

கச்சான் காற்று. விடிந்ததிலிருந்து மணல். சோற்றுப் பானையை மூடி வைத்தும் வாயில் நறநற. கடைவாய்ப் பல் குத்துகிறது. கராம்பு வைத்தேன், பயனில்லை.

வேன் நேரத்துக்கு வந்தது. வேப்பமரத்தடியில் ஜிப்ரி நானாவின் இரண்டு ஹோர்ன். மகள் ரிப்கா பர்தாவுக்கு ஊசி குத்தியபடியே ஓடினாள். பாணைக் கடித்தது பாதி, வைத்தது பாதி. டிசம்பரில் சாதாரண தரப் பரீட்சை, இந்த ஓட்டம் ஓடினால்தான் உண்டு.

அந்த ஹோர்ன் சத்தம் கேட்டால் எனக்கு இன்னும் ஒரு பெருமைதான். வெளியே சொன்னால் சிரிப்பார்கள். காலையில் பிள்ளைகள், அதற்குப் பின் கிளினிக்காரர், பகலில் மிளகாய் மூட்டை, பின்னேரம் திரும்பவும் பிள்ளைகள். எல்லாம் ஒரே வேன். முன் சீட் நோயாளிக்கு. மீன் பெட்டி கூரைக்கு மேல் மட்டும். ஊர்க்காரருக்கும் எங்களுக்கும் பொது, பொறுப்பு பள்ளிவாசல் கமிட்டிக்கு. வீடு வீடாக ஏறி இறங்கி ஆள் சேர்த்து இதை ஒழுங்கு பண்ணியது ஸித்தி டீச்சரும் நானும். ஜிப்ரி நானா அவருடைய தம்பி, அதனால் வேனும் கிடைத்தது. அதற்கு முன்னர் எங்கள் பிள்ளைகள் பெரிய ரோட்டுக்கு மணலில் நடந்து, பஸ் நிறுத்தாமல் போனால் வீட்டுக்குத் திரும்பி வந்தவர்கள்.

டீச்சர் பரம்பரையாக இந்த ஊர். நாங்கள் தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்தவர்கள். ஓட்டு வீடு கட்டி, பிள்ளை பெற்று, சில வீடுகளில் அந்தப் பிள்ளைக்கும் கலியாணம் பேசியாகிவிட்டது, ஊருக்கு எங்கள் இடம் இன்னும் 'கேம்ப்'. ஸலாம் நகர் என்று வாய் நிறையச் சொல்கிற ஒரே ஊர்க்காரி டீச்சர்தான்.

அதனால்தான் போன மாதம் அவரிடம் மட்டும் சொன்னேன். ரிப்காவின் வாப்பா மன்னாரில், முசலியில் எங்கள் பழைய காணியைத் துப்புரவாக்கிக் கூரை போடுகிறார், பரீட்சை முடிய நாங்கள் போகலாம், போகாமலும் விடலாம் என்று. "இது அமானிதம் டீச்சர், ஒங்களோட இரிக்கட்டும்" என்றேன். நெஞ்சில் கை வைத்தார். கூடப்பிறந்த என் நானாவுக்குக்கூடச் சொல்லவில்லை. ஒரு வீடு போகிறது என்று தெரிந்தால் எல்லாரையும் போகிற ஆட்களாக்கி இந்த ஊர்ப் பதிவை வெட்டிவிடுவார்கள் என்று எங்கள் சனத்துக்குப் பயம். அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது.

பல் தாங்க முடியவில்லை. புதன்கிழமை ஆஸ்பத்திரி.

ஜூன் 13, புதன்

பல் போயிற்று. பல்லோடு வேறொன்றும்.

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

விடிய என் நானாவின் மோட்டார் சைக்கிளில் புத்தளம் போனேன். வேன் வரும்வரை பொறுக்க முடியாத வலி. புறப்படும்போது மதினி ஸாஜிதா தன்னுடைய முகம் மூடும் துணியைக் கையில் வைத்தாள். "வரக்குள்ள கட்டிக்கங்க மதினி. காத்துப் பட்டா இன்னும் வீங்கும்." நான் முகம் மூடிப் பழகியவள் இல்லை. ஆனால் பல்லைப் பிடுங்கிய பின் கண்ணாடியில் பார்த்தால் கன்னம் பணிஸ் மாதிரி உப்பியிருந்தது. பேசாமல் கட்டிக்கொண்டேன். வாயில் பஞ்சு. "கடிச்சுக்கொண்டே இருங்க, கதைக்க வேணாம்" என்றார் டாக்டர். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள், இன்று நான் வாயில்லாப் பிள்ளை.

நானா வேலைக்குப் போய்விட்டதால் திரும்பி வர ஆஸ்பத்திரி வாசலில் எங்கள் வேன். ஏறியதும் ஜிப்ரி நானா பயபக்தியாக ஸலாம் சொன்னார், கண்ணாடியைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. என்னோடு என்றால் பகிடி இல்லாமல் ஒரு நாளும் ஏற்றியதில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. என்னை மௌலவியின் மனைவி என்று நினைத்துவிட்டார். ஊருக்குப் புதிதாக வந்த மௌலவி, எங்கள் வழியில் முகம் மூடுகிறவள் மதினியை விட்டால் அவருடைய வீட்டாள் மட்டும். மதினி வீட்டை விட்டு அசைவதில்லை. விளங்கப்படுத்த வாயும் இல்லை. பின் சீட்டில் போய் இருந்தேன். நடுவில் இரண்டு மூட்டையும் தூங்கி வழிகிற ஒரு கிழவரும்.

பாலாவியில் டீச்சர் ஏறினார். முன் சீட். திரும்பி எனக்கு ஒரு ஸலாம், ஊர்ப் பெண்கள் மௌலவி வீட்டுக்குச் சொல்கிற மெல்லிய ஸலாம். தலையை ஆட்டினேன். வீட்டுக்குப் போய் போன் எடுத்து இதைச் சொல்லிச் சிரிக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். அப்படித்தான் நினைத்தேன், அல்லாஹ் சாட்சி.

கேட்டது கேட்டபடி:

ஜிப்ரி: "ஹோட்டல்காரன் திங்கக்கிழமையில இருந்து வரச் சொல்றான். வேலையாக்கள ஏத்தி இறக்க. விடியக் காலத்தால உள்ளுக்குப் போய்த் திரும்பினா அதுக்கு நேரம் காணாது."

டீச்சர்: "அப்ப கேம்புக்குப் போறத நிப்பாட்டு."

கேம்ப். டீச்சரின் வாயிலிருந்து.

ஜிப்ரி: "பள்ளிவாசல் கமிட்டி விடுவாங்களா? கேம்ப் புள்ளகளும் போறதுதானே."

டீச்சர்: "விடுவாங்க. அந்த ஆக்கள் எப்பிடியும் போகப் போறவங்கதானே. ஆத்தில ஒரு கால் சேத்தில ஒரு கால். மன்சூராவே எனக்கிட்டச் சொன்னா, அங்க கூரையும் போட்டாச்சாம். அத நான் கமிட்டித் தலைவருக்குச் சொல்லிட்டன்."

பிறகு குரலைத் தாழ்த்தி: "நீ ஒருத்தருக்கும் சொல்லிராத, என்னா? அமானிதமாச் சொன்னது."

அமானிதம் என்றே சொல்லிக் கைமாற்றினாள். என் சொல்லையே எடுத்து, அதே மெல்லிய குரலில், நெஞ்சில் கையும் வைத்தாளோ தெரியாது, பின்னாலிருந்து தெரியவில்லை. பஞ்சைக் கடித்தேன். இரத்தம் ருசித்தது.

நான் கேட்காமலே ஜிப்ரி மௌலவி வீட்டுச் சந்தியில் நிறுத்தினான். இறங்கினேன். வேறென்ன செய்ய? வேன் மறைந்த பிறகு அங்கிருந்து வெயிலில் வீட்டுக்கு நடந்தேன். ஹபாயா முழங்கால் வரை மணல்.

இன்றிலிருந்து இந்தக் கொப்பியில் அவளுக்கு மரியாதை 'ஆர்' இல்லை.

ஜூன் 14, வியாழன்

வீக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. உப்புத் தண்ணீர், கஞ்சி, மாத்திரை. கோழி ஒன்றைக் காணோம்.

அவள் போன் எடுத்தாள். "பல்லுக் கழட்டினதாம், ரிப்கா சொன்னா. எனக்கிட்டச் சொல்லியிருந்தா நானும் வந்திருப்பேனே மன்சூரா." அந்தக் குரலில் எத்தனை தேன்.

ஒரு வழி விட்டுப் பார்த்தேன். "வேன் விசயம் ஏதும் இரிக்கா டீச்சர்?"

"ஒண்டுமில்லையே. ஏன்?"

"சும்மா கேட்டன்."

போனை வைத்துவிட்டு அழுதேன். நேற்று அழவில்லை. நேற்றுக்கூட, என்னிடம் வந்து சொல்லத்தான் போகிறாள், தம்பியின் பிழைப்பு, அவளுக்கும் நெருக்கடி என்று எனக்குள் ஒருத்தி அவளுக்காக வழக்குப் பேசிக்கொண்டிருந்தாள். அந்தப் பைத்தியக்காரிக்கும் சேர்த்து இன்று அழுதேன்.

ஜூன் 15, வெள்ளி

ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளியில் கூட்டம். நானா போய் வந்தார். திங்களிலிருந்து வேன் உள்ளே வராது. பெரிய ரோட்டில் மௌலவி வீட்டுச் சந்தியில் நிற்கும், ஏறுகிறவர்கள் அங்கே நடந்து வந்து ஏற வேண்டும். எங்கள் ஆட்கள் சத்தம் போட்டிருக்கிறார்கள். தலைவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாராம்: "நீங்க போகப் போறதா ஒங்கட மன்சூராவே சொல்லியிரிக்கா."

நானா தேத்தண்ணீரைத் தொடவில்லை.

"நீ சொன்னியா?"

"எங்கட வீட்டப் பத்தி மட்டும்தான் சொன்னன் நானா. அதுவும் ஒரே ஆளுக்கு."

"ஒரே ஆள் போதாதா?"

அஸருக்குப் பின் தண்ணீர்க் குழாயடியில் ஸபியா. அவளுடைய மாமனார் கிழமைக்கு இரண்டு தரம் இரத்தம் சுத்தப்படுத்தப் போகிறவர். முன் சீட் அவருக்கு. வாளியை நகர்த்தி எனக்கு இடம் விட்டாள். "வாங்க, நீங்க பிடிங்க. போற ஆக்கள் முதல்ல பிடிக்கட்டும்." சண்டை பிடித்திருந்தால் திருப்பிப் பேசியிருப்பேன். அவள் இடமல்லவா விட்டாள். வாளி நிரம்பு முன்னரே தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கூட இருந்தே குழி பறிப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இது அதையும் தாண்டி. குழியை அவள் பறித்தாள், மண்வெட்டி என் கையில் இருக்கிறது, சனம் என்னைப் பார்க்கிறது.

மஃரிபுக்குப் பின் ரிப்காவின் வாப்பாவின் போன், முசலியிலிருந்து. "வேன் இல்லாட்டி ரிப்கா வீட்டில இரிக்கட்டும். பொம்புளப் புள்ள அவ்வளவு தூரம் மணலில தனிய நடக்கிறதா? எப்பிடியும் இங்க வரத்தானே போறம்."

"பரீட்சை?"

"அத அங்க பாத்துக்கலாம்."

அங்கே பள்ளிக்கூடத்துக்கு இன்னும் கூரை இல்லை. அவரே சொன்னதுதான்.

ஜூன் 16, சனி

காற்று. கிடுகு வேலி சரிந்து கிடக்கிறது. யாரும் வரவில்லை. கோழி கிடைத்தது, ஸபியாவின் வளவில். அவள் பிடித்துத் தரவில்லை, நானே போய்ப் பிடித்தேன்.

ஜூன் 17, ஞாயிறு

வந்தாள். வட்டிலப்பத்தோடு. சலனமே இல்லாத முகம்.

கதிரையை இழுத்துப் போட்டேன், வீட்டுக்கு வந்தவளல்லவா. "கமிட்டியில யாரோ கதைச்சிட்டாங்க மன்சூரா. யாரெண்டு எனக்கும் விளங்கல்ல. எனக்கும் நெஞ்சு பத்துது." நான் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வைத்தாள். நெஞ்சில்தான்.

இப்போது சொல்லிவிடலாமா என்று வாய் வரை வந்தது. அதற்குள் அவள்: "ரிப்காவ எங்கட வீட்டில விடுங்க, பரீட்சை முடியும்வரைக்கும். தனி அறை இரிக்கி, மேசை இரிக்கி. கணக்கு நானே சொல்லிக் குடுப்பன்."

கதவுக்குப் பின்னால் ரிப்காவின் காலடி. மகளின் மூச்சு நின்று கேட்பது எனக்குத் தெரியாதா? டீச்சர் என்றால் அவளுக்கு உயிர்.

இதுதான் என்னைக் கொன்றது. தருகிறாள், உண்மையாகவே தருகிறாள். என் பிள்ளைக்கு மேசை, மற்றப் பிள்ளைகளுக்கு மணல். நான் வாங்கிக்கொண்டால் ஸபியா சொன்னது சரியாகிவிடும். வாங்காவிட்டால் அவருடைய வாப்பாத்தனம் வென்றுவிடும், பிள்ளை வீட்டில் இருப்பாள்.

"யோசிச்சுச் சொல்றன்" என்றேன்.

அவள் போனதும் ரிப்கா: "உம்மா, போகட்டா?"

"இல்ல. தில்லையடியில பெரியம்மா வீட்டுக்குப் போ. அங்க இருந்து ஸ்கூலுக்கு பஸ் இரிக்கி. வாப்பாவோட நான் கதைக்கன்."

"அங்க நாலு பேர் ஒரு அறையில. மேசையும் இல்ல. டீச்சர் என்ன செஞ்சாங்க?"

சொல்லவில்லை. பிள்ளையின் மனதில் அந்த ஒரு ஆளையாவது விட்டுவைப்போம் என்று. அழுதுவிட்டுச் சாப்பிடாமல் படுத்தாள். வட்டிலப்பத்தைக் கோழிக்குப் போட்டேன். நல்ல வட்டிலப்பம், அதையும் எழுதத்தான் வேண்டும்.

ரிப்காவின் வாப்பாவோடு பேசினேன். முதலில் கத்தினார். என் ராத்தா வீடு என்றதும் அடங்கினார். அவருக்கு ராத்தாவிடம் கொஞ்சம் பயம்.

ஜூன் 18, திங்கள்

ஸுபஹுக்குப் பிறகு புறப்பட்டோம். வேப்பமரத்தடியில் ஹோர்ன் இல்லை. பழக்கத்தில் காது அங்கேயே நின்றது.

மணல் பாதையில் எங்கள் நகரின் பிள்ளைகள் முன்னே, சப்பாத்தைக் கையில் பிடித்தபடி. வழக்கமாக வருகிறவர்களில் சிலர்தான். ஸபியாவின் மாமனாரை மகன் சைக்கிளில் வைத்து உருட்டிக்கொண்டு போனான். என்னைக் கண்டும் காணாதது போல.

சந்திக்குக் கிட்ட வந்ததும் பையிலிருந்து மதினியின் துணியை எடுத்துக் கட்டினேன். வீக்கம் எப்போதோ வடிந்துவிட்டது. ஏன் கட்டினேன்? அவள் முகத்தை நான் பார்க்க வேண்டும், என் முகத்தை அவள் பார்க்கக் கூடாது. அவ்வளவுதான். ரிப்கா இன்னும் கோபம், நாலடி பின்னால் வந்துகொண்டிருந்தாள்.

வேன் வந்தது. கிழவரைக் கண்டதும் டீச்சர் முன் சீட்டிலிருந்து எழும்பி இடம் கொடுத்துவிட்டு நடு வரிசைக்கு வந்தாள். அந்தச் சட்டத்தை மட்டும் மீறவில்லை. நான் ஏறினேன். ஜிப்ரி குனிந்த தலையோடு ஸலாம். அவளும் திரும்பி அதே மெல்லிய ஸலாம். தலையை ஆட்டிவிட்டுப் பின் சீட்டில், அதே இடத்தில் இருந்தேன்.

கடைசியாக ரிப்கா பையோடு ஏறி, நேரே என்னிடம் வந்தாள்.

"உம்மா, கொஞ்சம் அரங்குங்க, நானும் இரிக்கணும்."

டீச்சரின் கழுத்து அப்படியே நின்றது. திரும்பவில்லை. கண்ணாடியில் ஜிப்ரியின் கண் என்னிடம் வந்து, அக்காவிடம் போய், ரோட்டுக்கு ஓடிற்று. மாம்புரி தாண்டிற்று. உப்பளம் வந்தது. பாலாவி.

இறங்குகிற இடத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிள்ளைகள் அவளைத் தாண்டி இறங்கினார்கள்.

"மன்சூரா. அண்டைக்கு... நீங்களா?"

"ஓம் டீச்சர். வாயில பஞ்சு இரிந்திச்சு."

இறங்கினாள். வேன் எடுத்த பிறகும் அந்த இடத்திலேயே நின்றதைக் கண்டேன்.

ரிப்கா என்னைப் பார்த்தாள், பின் கண்ணாடி வழியே அவளைப் பார்த்தாள், திரும்பவும் என்னை. கெட்டிக்காரப் பிள்ளை, கணக்கில் மட்டுமில்லை. தில்லையடி வரை என் கையை விடவில்லை. மேசையைப் பற்றிப் பிறகு பேச்சே இல்லை.

ரிப்காவின் துவாய் கொடியிலேயே கிடக்கிறது. நாளைக்கு நானா போகும்போது கொடுத்துவிட வேண்டும்.