மேற்கு வாசல் வரைந்த துணி

இன்று காலை பீரோவை ஒழித்தபோது அந்துருண்டை நெடியோடு ஒரு கைக்குட்டை கீழே விழுந்தது. கடையில் வாங்கியதல்ல. நம் அலுவலகத்தில் படம் வரைகிற துணியை வெந்நீரில் ஊறவைத்து, கஞ்சி போகக் கசக்கி, உன் மனைவி ஓரம் தைத்துக் கொடுத்தது. வீணான படத்துணியை அங்கே யாரும் எறிந்ததில்லை. கைக்குட்டையாகும், இல்லையென்றால் யார் வீட்டுப் பச்சைப்பிள்ளைக்காவது சட்டையாகும். இதன் ஒரு மூலையில் மை இன்னும் போகவில்லை. பார்த்துக்கொண்டே நின்றேன். அழுகை வரவில்லை. உன் சாவன்றும் வரவில்லை.

எழுபதுகளின் கடைசி அது. திருமங்கலம் சாலையோரத்துக் கருவேலங்காட்டைப் பூங்காவாக்கச் சொன்னார்கள். ஓவர்சியர் நீ அளந்தாய், நான் வரைந்தேன். கிழக்கே பஸ் ரோடு, மேற்கே குடியிருப்புத் தெரு. வாசல் மேற்கேதான் என்று நீ ஒற்றைக்காலில் நின்றாய். அந்தப் பக்கம் சாக்கடை ஓடியதால் மேலே கல் பாவி, படி கட்டி, ஏகப்பட்ட வேலை. அத்தனையையும் வெயிலில் நின்று அளந்து தந்தாய். நானும் வரைந்து முடித்தேன்.

பொங்கல் லீவுக்கு முந்தைய நாள், முடித்த படத்தின் மேல் மைப்புட்டியைத் தட்டிவிட்டேன். என்ஜினியரிடம் போய்ச் சொல்லி, வாசலைக் கிழக்கே மாற்றலாமா என்றும் கேட்டேன். “வாசல் எந்தப் பக்கமின்னாலும் சரி, சாயங்காலத்துக்குள்ள படம் வேணும்” என்றார். ஊருக்குப் போக எனக்கு நாலு மணிக்குப் பேரையூர் பஸ். மேற்கே என்றால் கல், படி எல்லாவற்றையும் மறுபடி வரைய வேண்டும். கிழக்கே என்றால் சுவரில் ஓர் இடைவெளி விட்டால் போதும். விட்டேன்.

நீ வந்து பார்த்தாய். “அய்யா கிழக்கேன்னுட்டாரு” என்றேன்.

“பிள்ளைக விளையாடிட்டு ஓடியாந்தா நேரா பஸ்ஸு முன்னாடியில்ல மாப்ள வரும்” என்றாய். பிறகு, “அவரு சொல்லிட்டா நம்ம என்ன செய்ய” என்று மை கொட்டிய துணியை மடித்து எடுத்துக்கொண்டு போனாய்.

பூங்கா திறந்த வாரமே ஒரு சிறுமி பந்தைத் துரத்தி ரோட்டுக்கு ஓடினாள். பஸ் கிறீச்சிட்டு நின்றது. முட்டி தேய்ந்ததோடு பிழைத்தாள். மறுநாளிலிருந்து வேலை முடிந்ததும் நீ அந்த வாசலில் போய் நின்றாய். கையை விரித்துப் பிள்ளைகளை நிறுத்துவாய், லாரி போனபின் விடுவாய். மழையானாலும் நின்றாய். உன் மனைவி என்னிடம் வந்து, “நீங்களாச்சும் சொல்லுங்கண்ணே. வீட்ல உக்காந்து ஒரு காப்பி குடிச்சு எம்புட்டு நாளாச்சு” என்றது. சொன்னேன். “நம்ம போட்ட வாசல். நம்மதான மாப்ள நிக்கணும்” என்றாய். அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. இரண்டு வருசம் நின்றாய்.

ஒரு காலையில் நெஞ்சுவலி என்றாய், அவ்வளவுதான். உன் காரியம் முடிந்த மறுநாள் மேற்கு வாசலைத் திரும்ப வரைந்தேன். கல்லும் படியும் சேர்த்து, மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. என்ஜினியர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு டீ சொன்னார். ரோட்டுப் பக்கத்தைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். நான் மரம் மாதிரி நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

கைக்குட்டை மூலையில் இருப்பது அந்த முதல் படத்தின் மேற்கு வாசல்தான். கதவு உள்பக்கம் திறக்க வேண்டும் என்று நீ சொல்லி நான் போட்ட அரைவட்டம் அப்படியே இருக்கிறது. அய்யா கிழக்கே என்று சொல்லவில்லையடா. கிழக்கு வாசல் நான் போட்டது. நம்ம போட்ட வாசல் என்று சொல்லி நீ போய் நின்றாய். துணியை நீ மடித்த மாதிரியே மடித்து, சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்.