கோழி அடைகிடந்த ஹெல்மெட்

இந்த ஹெல்மெட்டுக்குள் இன்னும் உன் தலை மணக்கிறது. கரிசலாங்கண்ணி போட்டு உன் அம்மை காய்ச்சித் தரும் தேங்காயெண்ணெயின் மணம். இத்தனை வருடம் ஒரு மணம் நிற்குமா என்று கேட்காதே. மூக்குக்கும் வயதாகிவிட்டது, எனக்காக ஒரு பொய் சொல்கிறதோ என்னவோ. நேற்றுச் சாயங்காலம் உன் வீட்டுக்காரர் இதை ஒரு துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்தார். "அவளுக்க சேலையெல்லாம் சொந்தக்காரங்க எடுத்துட்டாவ. இத மட்டும் ஆருமே கேக்கல்ல. இது உனக்குள்ளதாக்கும்ணு தோணிச்சு" என்றவர், நான் கொடுத்த காப்பியைப் பாதி குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

பழைய வெள்ளை ஹெல்மெட். வலது காதுக்கு மேலே ஒரு விரிசல். உள்ளே பழுப்பேறிய ஸ்பாஞ்சு, அதன் நடுவில் துணியைச் சுருட்டி வைத்துத் தைத்த ஒரு வளையம். மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அழுதேன் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், நடுவில் அழுகையும் வந்து போனது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாம் இருவரும் கேரள எல்லையோரம் தனுவச்சபுரத்தில் ஒரு டுட்டோரியலில் பாடம் எடுத்தோமே. நீ கணக்கு, நான் ஹிந்தி. பத்தாம் வகுப்பில் தோற்றவர்கள் மறுபடியும் தோற்றுவிடாமல் பார்த்துக்கொள்வது நம் வேலை. பொழியூர் கடற்கரையிலிருந்து நீ சைக்கிளில் வருவாய். உச்சக்கடையில் நான் என் சைக்கிளோடு காத்து நிற்பேன். அங்கிருந்து நீ முன்னால், நான் பின்னால். ஒரு நாளும் நீ எனக்குப் பின்னால் வந்ததில்லை. "எடி சுதா, உனக்க பின்னால வந்தா டுட்டோரியல்ல நாளைக்குத்தான் பெல்லடிப்பாவ" என்பாய்.

உன் அண்ணன் மீன்காரர். சைக்கிளின் பின்னால் பெட்டி கட்டி, ரப்பர் ஹாரனை அமுக்கிக்கொண்டு உள்நாட்டு ஊர்களுக்கெல்லாம் போவார். எங்கள் வீட்டு வாசலில் நின்று, "டீச்சருக்கு உள்ள மத்தி தனியாக்கும்" என்று சொல்லி இரண்டு மீன் கூடுதலாக இடுவார். ஒரு நாள் காலை, நாம் தினமும் இறங்கும் அதே செம்மண் இறக்கத்தில் அவருக்கு வண்டி சறுக்கியது. பின்தலை மைல்கல்லில் இடித்தது. எழுந்தார், சிதறிய மீனைப் பொறுக்கினார், கழுவினார், விற்று முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். கட்டஞ்சாயா குடித்தார். "தலை லேசா வலிக்குது, ஒண்ணு கிடந்து எழும்புதேன்" என்று பாயில் படுத்தார். பிறகு எழுந்திருக்கவேயில்லை. வெளியே காயமே இல்லை, உள்ளே ரத்தம் கட்டிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். "ஒரு சொட்டு ரத்தம் வரல்லியே, நான் ஒறங்கட்டும்ணு விட்டுட்டேனே" என்று உன் அம்மை மணலில் புரண்டு அழுததை நான் மறக்கமாட்டேன்.

நாற்பதாம் நாள் கழிந்து நீ வேலைக்குத் திரும்பிய அன்று, உன் தலையில் இந்த ஹெல்மெட் இருந்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. துக்கத்தில் பெண்ணுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்தேன். உன் சித்தப்பா ஸ்கூட்டரோடு சேர்த்து வாங்கி, ஒரு நாளும் வைக்காமல், சமையற்புரையில் போட்டிருந்த ஹெல்மெட். அதில் ஒரு கோழி அடைகிடந்ததாம். "கோழிய எழுப்பிவிட்டேன். அது ரெண்டு நாளா எனக்க கூட மிண்டல்ல, பிணக்கமாக்கும்" என்றாய். சைக்கிளுக்கு யாராவது ஹெல்மெட் வைப்பார்களா என்று கேட்டேன். நீ ஒரு கால் ஊன்றி நின்று சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது. "அம்மை மீன்வட்டி சுமக்குததுக்குத் தலையில சும்மாடு வைக்குதா. மீனுக்கு வலிக்கும்ணா? தலைக்காக்கும். சுமடு வச்சா மட்டுந்தான் அது தலையா?"

அந்த வழி முழுவதும் நமக்கு வேடிக்கை காட்டியது. இல்லை, நாம் அதற்கு வேடிக்கை காட்டினோம். சாயாக்கடையில், "டீச்சரே, பெட்ரோல் அடிச்சாச்சா?" என்பார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓடிவந்து, "சேச்சி, ராக்கெட்டு எவிட?" என்று கத்தும். நீ வண்டியை நிறுத்தாமல் கட்டைவிரலை முதுகுக்குப் பின்னால், என்னை நோக்கி நீட்டி, "பின்னால வருது மக்கா, வழி விடு" என்பாய். பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரிக்கும். எனக்குக் கோபம் கோபமாக வரும், அந்தக் கோபத்தில் பெடலை வேகமாக மிதிப்பேன். அதுதான் உனக்கும் வேண்டியிருந்தது.

உங்கள் தேவாலயத்துப் பங்குத் திருவிழாவுக்கு என்னைக் கூட்டிப்போன நாள்! பெண்கள் எல்லாரும் பூசைக்குத் தலையை மூடிக்கொண்டு நிற்கிறார்கள். நீ தலையில் போடும் துணியை மறந்துவிட்டாய். திரும்பிப் போக நேரமில்லை. அப்படியே ஹெல்மெட்டோடு போய்ப் பெண்கள் பக்கம் முழந்தாளிட்டு நின்றாய். பூசை முடிந்ததும் பங்குப் பாதிரியாரான அச்சன் வாசலில் பிடித்துக்கொண்டார். "இதெந்தா மோளே, இது?" என்றார். "பொம்பளைங்க தலைய மூடணும்ணு சொன்னது நீங்கதானே அச்சா. இதவிட நல்லா ஆருக்கு மூடியிருக்கு, காட்டுங்க." அச்சனே சிரித்துவிட்டார். நான் உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன்.

சிரிப்போடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஊர் வேறு கணக்குப் போட்டது. வயசுப்பெண் சைக்கிளில் போகிறாள், அதற்கு ஹெல்மெட் வைக்கிறாள் என்றால் காரணம் இருக்க வேண்டுமே? அவளுக்குச் சுழலி உண்டு, ஓடிக்கொண்டிருக்கும்போதே வலிப்பு வந்து விழுவாள், அதனால்தான் வீட்டார் தலையைக் கட்டி அனுப்புகிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. அந்த நேரத்தில்தான் உனக்கு நல்ல இடத்திலிருந்து கல்யாண ஆலோசனை வந்தது. பையன் வளைகுடாவில் எலக்ட்ரீஷியன். உன் அண்ணன் போன பிறகு உன் அம்மை முகத்தில் வெளிச்சத்தை நான் பார்த்தது அப்போதுதான்.

நம் பக்கத்து வழக்கம் தெரியுமே, பெண் வீட்டுக்குள் கால் வைக்கும்முன் நாலு வீட்டில் ரகசியமாக விசாரிப்பார்கள். பையனின் அத்தை என் வீட்டுக்கு வந்தாள். வெற்றிலையை மடித்து வாயில் வைத்துக்கொண்டு மெதுவாக, "உள்ளதச் சொல்லு மோளே. கூட நடக்குதவ நீதானே. அவளுக்குத் தலையில வல்ல சூக்கேடும் உண்டா?" என்றாள். நோய் உண்டா என்று கேட்டதும் எனக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறியது. "உண்டு அம்மா. அவளுக்குத் தலை இருக்கு. அதாக்கும் சூக்கேடு" என்றேன். அத்தை சிரிக்கவில்லை. அன்று மத்தியானம் உன்னிடம் சொன்னபோது நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய், சாக்பீஸ் கையிலேயே உடைந்துபோனது.

உன் அம்மை சிரிக்கவில்லை. "மக்கா, கெட்டு கழியுது வரைக்கும் அந்தச் சட்டிய எடுக்காத. உனக்கக் கால நான் பிடிக்குதேன். ஒருத்தனக் குழியில வச்சாச்சு. நீயாவது ஒரு வீட்டுல கேறி இருந்து நான் பாக்கண்டாமா?" என்று கேட்டாள். நான் அங்கேதான் இருந்தேன். நீ அம்மையோடு சண்டை போடுவாய் என்று பயந்தேன். நீயோ ஹெல்மெட்டை ஆணியில் மாட்டினாய். சைக்கிளை உருட்டிக்கொண்டுபோய்ப் புரைக்குள் சாய்த்து வைத்தாய்.

மறுநாள் முதல் நீ பஸ்ஸில் வந்தாய். "அம்மைக்காக ஹெல்மெட் வைக்காம இருக்கலாம். ஹெல்மெட் இல்லாம நான் சைக்கிள் ஏறமாட்டேன். அப்போ பஸ்ஸு. தீந்தது" என்றாய். எனக்கு உன்மேல் இருந்த மதிப்பு அன்று எங்கேயோ உயர்ந்துவிட்டது. வீம்புக்காரி என்று ஊர் சொன்னது, வீம்புக்காரிக்கு இப்படி அம்மை சொல்லையும் தன் சொல்லையும் சேர்த்துக் காப்பாற்றத் தெரியுமா? நான் தனியாக அந்த இறக்கத்தில் இறங்கும்போது பஸ் என்னைத் தாண்டிப் போகும். ஜன்னலில் உன் முகம். படியில் தொங்கும் கண்டக்டர், "ஹெல்மெட் டீச்சர் இப்போ எனக்க வண்டியிலாக்கும்" என்று என்னைப் பார்த்துக் கூவுவான்.

பெண் பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமை உனக்குச் சேலை கட்டிவிட்டது நான்தான். நல்லபடியாகத்தான் தொடங்கியது. சாயா கொடுத்தாய், நேந்திரம்பழம் கொடுத்தாய். பையன் பாவம், நல்லவனாகத்தான் தெரிந்தான். "சைக்கிள் எல்லாம் இப்போ விட்டாச்சு இல்லியா?" என்று அத்தை சும்மா கேட்பதுபோலக் கேட்டாள். உன் அம்மை அவசரமாக, "விட்டாச்சு, விட்டாச்சு" என்றாள். நீ அம்மையைப் பார்த்தாய்.

"விடல்ல" என்றாய். குரல் உயரவில்லை. பையனைப் பார்த்துத்தான் சொன்னாய். "எனக்குச் சுழலி கிடையாது. எனக்க அண்ணன் தலை இடிச்சுச் செத்தான், ஒரு சொட்டு ரத்தம் வெளிய வரல்ல. அதனால நான் சைக்கிள்ல ஹெல்மெட் வச்சுப் போவேன். கெட்டு கழிஞ்சும் போவேன். இது பிறகு தெரிஞ்சு ஆரும் சங்கடப்படண்டாம், அதான் இப்பவே சொல்லுதேன்." பையன் எதையோ சொல்ல வாயெடுத்தான். அத்தை எழுந்துவிட்டாள். அவள் எழுந்ததும் எல்லாரும் எழுந்தார்கள். "வெவரம் சொல்லி அனுப்புதோம்" என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் ஒரு விவரமும் சொல்லி அனுப்பவில்லை.

உன் அம்மை அன்று முழுவதும் உன்னிடம் பேசவில்லை. மறுநாள் காலையில் நடந்ததை நீதான் எனக்குச் சொன்னாய். அம்மை மீன்வட்டிக் கூடையோடு சந்தைக்குப் புறப்பட்டவள், வாசலில் நின்று திரும்பி வந்தாளாம். ஆணியிலிருந்து ஹெல்மெட்டை எடுத்து முந்தானையால் துடைத்தாளாம். உன் தலையில் வைத்து இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தாளாம். "ஆடுதே மக்கா. ஆம்பிளைக்கு உள்ளதாக்கும் இது" என்று சொல்லித் தன் சும்மாட்டைப் பிரித்து, அதில் பாதியைக் கிழித்துச் சுருட்டி உள்ளே வைத்தாளாம். மீதிப் பாதியைத் தன் தலையில் வைத்து வட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அந்தப் பாதிதான் இப்போது என் விரலில் தட்டுப்படும் இந்த வளையம்.

அந்த வருடம் மழை தொடங்கியதும் நீ விழுந்தாய். அதே இறக்கம், ஓர் ஆடு குறுக்கே வந்தது. நான் பின்னால் வந்துகொண்டிருந்தேன், எல்லாம் பார்த்தேன். மைல்கல்லில் உன் தலை இடித்த சத்தத்தையும் கேட்டேன். என் கை பிரேக்கிலேயே இறுகிப்போனது. நீ எழுந்து, "ஆட்டுக்கு ஒண்ணும் ஆகல்லியே?" என்று கேட்டாய்! சாயாக்கடையிலிருந்து ஓடிவந்தவர்கள் உன்னைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் ஆகல்லியே டீச்சரே! பின்ன எதுக்கு இந்தச் சட்டியத் தூக்கிட்டு நடக்குதீங்க?" என்றார்கள். விரிசல் விட்ட ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நீ அவர்களைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். சிரித்துச் சிரித்து ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாய்.

ஆஸ்பத்திரியில் காட்டி, ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகும் உன் அம்மை உன்னை உறங்கவிடவில்லை. மத்தியானம் முழுவதும் எதிரே உட்கார்ந்து, "கண்ண மூடாத மக்கா, எதையாவது பேசு" என்றாள். நீ வாய்ப்பாடு சொன்னாய். நான் ஹிந்திப் பாட்டுப் பாடினேன். இருட்டும்வரை உன் தலையை அவள் தடவிக்கொண்டே இருந்தாள். விளக்கு ஏற்றிய பிறகுதான் அவளுக்கு நம்பிக்கை வந்தது. ஹெல்மெட்டை எடுத்து உன் அண்ணனின் படத்துக்குக் கீழே மாட்டினாள். உனக்கு வேறொன்று வாங்கித் தரச் சித்தப்பாவை விரட்டினாள்.

படியில் தொங்கிய அந்தக் கண்டக்டர் அடுத்த வருடம் உன்னைக் கேட்டு வந்ததை ஊரே பேசியது. "பஸ்ஸுல வாற எல்லாரும் ஏன் வாறாங்கண்ணு எனக்குத் தெரியும். இவ ஏன் வந்தாண்ணு கேட்டுத் தெரிஞ்ச பிறகு வேற பெண்ணு வேண்டாம்ணு தோணிச்சு" என்றாராம். அவர்தான் நேற்று இந்தப் பையோடு வந்தவர்.

போன வருடம் ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்தேன். மருந்து உன் முடியெல்லாம் கொண்டுபோயிருந்தது. மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு, "அன்னைக்கு எனக்குத் தலையில சூக்கேடுண்ணு சொன்னாவளே. இப்போ பாத்தியா சுதா, தலைய விட்டுட்டு மத்த எல்லா இடத்துலயும் வந்துட்டு" என்று சிரித்தாய். எனக்குச் சிரிக்க முடியவில்லை. "சிரியெடி. தலைய நான் விட்டுக் கொடுக்கல்ல" என்றாய். உன்னைப்போல ஒருத்தியை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. அதை அன்று சொல்லியிருந்தால் நீ என்னைக் கேலி செய்தே கொன்றிருப்பாய், இப்போது சொல்கிறேன்.

எனக்குச் சர்க்கரை வந்த பிறகு மகன் ஒரு சைக்கிளும் ஹெல்மெட்டும் வாங்கித் தந்திருக்கிறான். சைக்கிள் ஓடுகிறது. ஹெல்மெட் ஆணியில் கிடந்தது. இந்த வயதில் அதையும் மாட்டிக்கொண்டு போனால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்றுதான். கோழி வளர்க்காத வீடு, அதனால் காலியாகவே கிடந்தது. இன்று காலை அதை எடுத்துத் தலையில் வைத்தேன், ஆடியது. உன் ஹெல்மெட்டிலிருந்து தையலைப் பிரித்து, உன் அம்மையின் பாதிச் சும்மாட்டை எடுத்து இதற்குள் வைத்தேன். சரியாக இருந்தது.

அந்த இறக்கம் இப்போது தார் ரோடு, மைல்கல் சாய்ந்து கிடக்கிறது. பள்ளிக்கூட வண்டிக்கு நின்றிருந்த பிள்ளைகள் என்னைப் பார்த்துக் கூச்சல் போட்டன. "ஆன்ட்டி, ரேசுக்கா போறீங்க? அப்போ மத்த ஆளு எங்க?" என்று ஒருத்தி கேட்டாள். நான் நிறுத்தவில்லை. கையை முன்னால் நீட்டிக் காட்டினேன்.

"முன்னால போயாச்சு மக்கா. வழி விடு."