செங்கண்மாய்க் கரைக் குருசடி யாருடையது என்பது குறித்து

அனுப்புநர்:
ம. ஜெரால்டு, உபதேசியார், புனித சவேரியார் பங்கு ஆலயம்,
நா. ஐயனார், விவசாயி, வடக்குத் தெரு,
செங்கண்மாய்ப்பட்டி, கீரனூர் வழி, புதுக்கோட்டை மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள், புதுக்கோட்டை.

பொருள்: கண்மாய்க் கரைக் குருசடியை இடிக்கும் உத்தரவை நிறுத்தி, மறு விசாரணை நடத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் பங்கு ஆலயம் இன்று பேருந்து நிறுத்தத்தை ஒட்டிக் கோபுரத்துடன் நிற்கிறது. ஆனால் அது முதலில் கண்மாய்க் கரையில் ஓர் ஓலைக் கொட்டகையாகத்தான் இருந்தது. திருச்சியிலிருந்து மாட்டு வண்டியில் வந்த சாமியார் பூசை வைத்தது அங்கேதான். ஆலயம் ஊருக்குள் வந்த பின், பழைய பீடம் இருந்த இடத்தில் கற்சிலுவையும் மணியும் வைத்தார்கள். அதுவே குருசடி.

2. எங்கள் தாத்தாக்கள் காலத்துப் பெருமழையில் ஒருமுறை கரை உடைந்தது. மணியடித்து ஊரைக் கூட்டியவர் அப்போதைய உபதேசியார் தொம்மை. முதலில் ஓடி வந்தவர் ஐயனாரின் தாத்தா ஆண்டிச்சாமி. உடைப்பை அடைக்கையில் இருவரையும் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. உடல்கள் கிடைக்கவில்லை. பின்னால் வந்தவர்கள் உடைப்பை அடைத்தார்கள், ஊர் பிழைத்தது. சிலுவையின் அடிக்கல்லில் இருவர் பெயரும் வெட்டப்பட்டுள்ளன.

3. அதுமுதல் கல்லறைத் திருநாளன்று பங்குத்தந்தை கல்லறைத் தோட்டத்துக்குப் போகுமுன் குருசடிக்கு வந்து செபம் சொல்லி, புனித நீர் தெளித்து மந்திரிக்கிறார். முதல் மெழுகுவர்த்தியை ஏற்றுவது ஆண்டிச்சாமி குடும்பம். மடை திறக்கும் நாளில் அந்த மணியை அடிப்பது உபதேசியார். இதில் இதுவரை ஒரு சச்சரவும் வந்ததில்லை.

4. சென்ற ஆடி மாதம் ஆக்கிரமிப்புகளைக் கணக்கெடுக்க வந்த ஊழியர், இது யாருடையது என்று எங்களைத் தனித்தனியே கேட்டார். ஐயனார், "எங்களுதுன்னு எப்படிங்க சொல்றது, அது கோயிலுக்காரவுகளோடதுங்க" என்றார். ஜெரால்டு, "கோயிலுக்குன்னு தனியா என்னங்க இருக்கு, ஊருக்காரவுக வச்சதுங்க" என்றார். ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துப் பேசுவது எங்கள் ஊர்ப் பழக்கம். அந்த மரியாதையே எங்களுக்கு வினையாகிவிட்டது. உரிமை கோருவோர் எவருமில்லை என்று எழுதி, அக்டோபர் 31ஆம் தேதிக்குள் இடிக்கப்படும் என நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். அவரைக் குறை சொல்வதற்கில்லை. நாங்கள் சொன்னதைத்தான் எழுதினார்.

5. நவம்பர் 2 கல்லறைத் திருநாள். ஆண்டிச்சாமியின் மகனும் ஐயனாரின் தந்தையுமான நாகராசு இப்போது நடமாட்டம் குறைந்தவர். நோட்டீஸைப் படித்துக் காட்டியதிலிருந்து, "எங்கப்பாவுக்கு இனிமே எங்கிட்டுடா வெளக்கு வைக்கிறது?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். அதைக் கேட்க எங்களுக்கு மனம் தாங்கவில்லை, ஐயா.

6. குருசடி கரையோரம் ஒதுங்கியே நிற்கிறது. தண்ணீருக்கோ பாதைக்கோ இடைஞ்சல் இல்லை. எனவே இடிக்கும் வேலையை நிறுத்திவைத்து, கல்லறைத் திருநாளுக்கு முன் ஓர் அலுவலரை நேரில் அனுப்பிவைக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம். இம்முறை எங்கள் இருவரையும் ஒன்றாக நிறுத்திக் கேட்கச் சொல்லுங்கள். இருவரும் "எங்களுதுங்க" என்றே சொல்வோம்.

இடம்: செங்கண்மாய்ப்பட்டி
நாள்: 14.10.2024

இங்ஙனம்,
குருசடிக்கு உரியவர்கள்,

(ஒப்பம்) ம. ஜெரால்டு
(ஒப்பம்) நா. ஐயனார்