காசியில் விட்டது

காசி,
செவ்வாய்க்கிழமை மத்தியானம்.

மரியாதைக்குரிய வீட்டுக்காரருக்கு உங்கள் சங்கரம்மாள் கும்பிட்டு எழுதுவது. விஸ்வநாதர் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகமாக இருக்கிறோம். அங்கே நீங்களும் செவலைப் பசுவும் கன்றும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் மூன்று வேளையும் சாப்பிடுகிறேன்.

கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். நம் வனிதா கல்யாணப் பத்திரிகைக்கு விலாசம் எழுதினேனே, அதற்குப் பிறகு இப்போதுதான் பேனாவைத் தொடுகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நான் பேசினால் உங்களுக்குக் கேட்காது. பக்கத்து வீட்டு ராமலட்சுமி போனுக்கு எழுதி அனுப்பினால் உங்களிடம் காட்டுவாள் என்று வனிதா சொன்னாள். காட்டுவாள்தான். அதற்கு முன்னால் தெரு முழுக்க வாசித்துவிட்டு வந்து காட்டுவாள். இரண்டு வருஷமாக நம் வீட்டுப் பேச்சு எல்லாம் ஊருக்கே கேட்கிறது. இதாவது நமக்குள் இருக்கட்டும் என்று, நாங்கள் தங்கியிருக்கிற மண்டபத்து வாசலில் கவர் வாங்கி உட்கார்ந்துவிட்டேன். மற்றவர்கள் எல்லாம் சாப்பிட்டுப் படுத்துவிட்டார்கள்.

உளுந்தைக் காயப்போட்டது போதும், மூட்டை கட்டிவிடுங்கள். பங்குனியில் திடீரென்று ஒரு மழை வந்து நின்றால் உங்களால் தனியாக வார முடியாது. பசுவுக்குப் பருத்திக்கொட்டை ஊறப்போட மறக்க வேண்டாம். ராமலட்சுமி குழம்பு கொண்டுவந்தால் நன்றாக இருக்கிறது என்று சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். உப்பு அதிகம் என்று முகத்தைச் சுளித்தால் மறுநாள் வராது.

ரயிலில் உங்களுக்குப் போட்டிருந்த இடத்தில் சாத்தூர்க்காரர் ஒருவர் வந்தார். ஏறியதும் படுத்தார், காசியில்தான் எழுந்தார். கல்யாணமான வருஷத்திலிருந்து போவோம் போவோம் என்று நாம் பேசிவைத்த ஊர். கடைசியில், "நான் வந்து என்னத்தக் கேக்கப் போறேன், நீ போயிட்டு வா" என்று சொல்லிவிட்டீர்கள். வழியில் தண்ணீரில்லாத ஆறும், தண்ணீர் ஓடுகிற ஆறும் எத்தனையோ வந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் திரும்பி, "இந்தா பாருங்க" என்று சொல்ல வாய் வந்துவிடும். அங்கே சாத்தூர்க்காரர் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்.

நேற்று எங்களை ஊர் சுற்றிக் காட்ட நடத்தியே கூட்டிப்போனார்கள். பஸ் கிடையாது, ஆட்டோ கிடையாது. காசியைக் கால் வைத்துத்தான் பார்க்க வேண்டுமாம். வழி காட்ட வந்தவர் பெயர் பரமசிவன். அவருடைய தாத்தா காலத்தில் தென்காசிப் பக்கமிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். தமிழ் பேசுகிறார், ஆனால் அது ரயிலில் வெகுதூரம் வந்து களைத்துப்போன தமிழ். காசியில் வழி காட்டப் பரமசிவனே வந்தாச்சு என்று உங்கள் சித்தப்பா மகன் இசக்கிபாண்டி காலையிலிருந்து ஒரே பகடியைப் பத்துப் பேரிடம் சொல்லிவிட்டார்.

கிளம்புவதற்கு முன்னால் அந்தப் பரமசிவன் ஒரு பையைத் திறந்து, ஆளுக்கொரு சின்னப் பெட்டியைக் கழுத்தில் மாட்டிவிட்டார். அதிலிருந்து ஒரு ஒயர். ஒயர் முனையில் இருப்பதைக் காதுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். சந்துகளில் இரைச்சல் ஜாஸ்தி, கத்திச் சொன்னால் கடைசியில் வருகிறவர்களுக்குக் கேட்காது, அதனால் அவர் மெதுவாக மைக்கில் பேசுவாராம், எல்லோருக்கும் காதுக்குள்ளே கேட்குமாம். எங்கள் கூட்டம் மட்டும் என்று நினைக்காதீர்கள். எங்களைக் கடந்துபோன வெள்ளைக்காரர்கள், காலேஜ் பிள்ளைகள், எல்லோர் காதிலும் ஒன்று இருந்தது.

அதைக் காதில் வைக்கும்போது எனக்குக் கடம்பூர் கல்யாணம் ஞாபகம் வந்தது. வனிதா மதுரையில் வாங்கித் தந்த காது மிஷினை அன்றைக்குத்தான் முதன்முதலில் மாட்டிக்கொண்டு வந்தீர்கள். பந்தியில் அது கீய் என்று கத்திவிட்டது. "கண்டக்டர் விசில் அடிச்சாச்சு, வண்டியக் கெளப்புங்கடே" என்று இதே இசக்கிபாண்டி சொல்லப்போய், பந்தியே சிரித்தது. நீங்கள் அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பாயசத்துக்குக் காத்திராமல் எழுந்துவிட்டீர்கள். அன்றைக்குப் பீரோவுக்குள் போன மிஷின்தான். நேற்று இசக்கிபாண்டி, பரமசிவன் பக்கத்தில் ஒட்டி நின்றபோது அவர் காதிலும் அதே கீய். ஒருத்தரும் சிரிக்கவில்லை. அவரும் கழற்றவில்லை. டீ குடிக்கும்போதும் மாட்டியிருந்தார். திருப்பிக் கொடுக்கச் சொன்னபோது முகம் வாடிவிட்டது.

சந்து என்றால் நம் ஊர்ச் சந்து மாதிரி இல்லை. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் படியேறி நிற்க வேண்டும். அதற்குள் மாடு, மோட்டார் சைக்கிள், பூக்கடை, மணிச்சத்தம். பரமசிவன் எங்கேயோ முன்னால் போகிறார், அவர் தலைகூடத் தெரியவில்லை. ஆனால் குரல் மட்டும் என் காதுக்குள் மெதுவாக, "இடது பக்கம் மாடு நிக்குது, ஒதுங்கி வாங்க. அடுத்து ரெண்டு படி இறங்கணும்" என்கிறது.

எனக்கு நடை தடுமாறிவிட்டது. கழுகுமலை ஞாபகம் வந்துவிட்டது. கல்யாணமாகி முதல் தடவை உங்கள் அம்மா நம்மை மலை சுற்றக் கூட்டிப்போனார்களே. அத்தை முன்னால், நடுவில் நீங்கள், பின்னால் நான். புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும் பேசிக்கொண்டு போனால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று அத்தை சொல்லியிருந்தார்கள். நீங்கள் தலையைத் திருப்பவே இல்லை. நேரே பார்த்தபடி, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசிக்கொண்டே வந்தீர்கள். முதலில் கேட்டது, "கால் சுடுதா?" என்று. அப்புறம் பூராவும் பொய். மேலே பாறையில் வரிசையாக உட்கார்ந்திருக்கிற சமணச் சிலைகளைக் காட்டி, "இவிய எல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக, வாத்தியார் இன்னும் வரல" என்றீர்கள். பாதியில் நிற்கிற வெட்டுவான் கோயிலைக் காட்டி, சாப்பிடப் போன கொத்தன் இன்னும் திரும்பவில்லை என்றீர்கள். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன். அத்தை திரும்பி, "என்னலே முணுமுணுக்குத?" என்று கேட்டதற்கு, "முருகன் பேரச் சொல்லுதேம்மா" என்று சொன்ன ஆள் நீங்கள்.

அந்தக் குரலை நம்பித்தான் உங்கள் வீட்டுக்குள் நான் காலடி வைத்தேன். இதை இத்தனை வருஷத்தில் உங்களிடம் சொன்னதில்லை. பருத்தி எடுக்கும்போதும் அப்படித்தான், பக்கத்து நிரையில் இருந்துகொண்டு நீங்கள் பாட்டுக்குப் பேசுவீர்கள், பொழுது போவதே தெரியாது. காது மங்க ஆரம்பித்ததும் நீங்கள் பேசுவதையும் குறைத்துவிட்டீர்கள். ரேடியோ மேல் துண்டைப் போட்டு மூடினீர்கள். டீக்கடைக்குப் போவதை நிறுத்தினீர்கள்.

நேற்று இன்னொன்றும் நடந்தது. ஒரு கடையில் பித்தளைச் செம்பு தொங்கியது, நின்று பார்த்தேன். அந்த நேரம் பார்த்து நாலு பேர் ஒரு பாடையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். இங்கே அது சந்துக்குச் சந்து நடக்கிறது. சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டுப் பார்த்தால், எங்கள் கூட்டத்தில் ஒருத்தரையும் காணோம். காதுக்குள் கொஞ்ச நேரம் கரகரவென்றது, அப்புறம் அதுவும் நின்றுவிட்டது.

எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை. போன் உங்கள் அக்கா செல்வலட்சுமி மதினியின் பையில் இருக்கிறது. சுற்றி எல்லோரும் பேசுகிறார்கள், வாய் அசைவது தெரிகிறது, ஒன்றும் விளங்கவில்லை. வளையல் கடைக்காரி என்னைப் பார்த்து என்னமோ கேட்டாள். தலையை ஆட்டினேன். மறுபடி கேட்டாள். சிரித்துக்கொண்டே மறுபடி ஆட்டினேன். அவள் ஒரு டஜன் பச்சை வளையலைக் காகிதத்தில் சுற்றி என் கையில் கொடுத்துவிட்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்களா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. கூட நானும் சிரித்துவைத்தேன்.

போன தை மாசம் ஆட்டு வியாபாரி கேட்டதற்கெல்லாம் நீங்கள் தலையாட்டிக் கிடாயை அவிழ்த்துக் கொடுத்தீர்களே, அன்றைக்கு உங்கள் முகத்திலும் இதே சிரிப்புதான் இருந்தது. வீம்புக்குத் தலையாட்டுகிறீர்கள் என்றுதான் நினைத்திருந்தேன். பயத்தில் ஆட்டுகிறீர்கள் என்று இந்த ஊருக்கு வந்துதான் தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் காதுக்குள் கரகரப்பு வந்தது. அப்புறம் பரமசிவன் குரல், "சங்கரம்மா, பயப்படாதீங்க, நின்ன இடத்துலயே நில்லுங்க, நான் வந்துக்கிட்டு இருக்கேன்" என்றது. நான் நடுச்சந்தில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். வழி தப்பியதற்கு அழுகிறேன் என்று அந்த வளையல்காரி தண்ணீர் கொடுத்தாள். என் பெயரை ஒருவர் சத்தமில்லாமல் சொல்லி எவ்வளவு நாளாகிறது என்று அவளிடம் எந்தப் பாஷையில் சொல்வது?

நடை முடிந்து கேதார் கட்டத்தில் படி இறங்கினோம். கங்கைக் கரைச் சேறு நம் கரிசல் மாதிரியே காலை விடமாட்டேன் என்று ஒட்டுகிறது. அங்கேதான் விடுகிற சடங்கு. காசிக்கு வந்தவர்கள் தங்களுக்குப் பிடித்தமான ஒன்றை ஆற்றில் விட்டுவிட வேண்டும், அதற்குப் பிறகு ஆயுசுக்கும் அதைத் தொடக் கூடாது என்று உங்களுக்கும் தெரியும். மதினி பாகற்காயை விட்டார்கள். அவர்கள் வீட்டு அடுப்பு பாகற்காயைப் பார்த்ததே கிடையாது. இசக்கிபாண்டி ஆப்பிளை விட்டார். காய்ச்சலில் படுத்திருந்தபோது யாராவது வாங்கிவந்தால்தான் அவர் ஆப்பிளே தின்பார்.

என் முறை வந்தது. கத்தரிக்காய் என்று சொல்லத்தான் இறங்கினேன். தண்ணீரைக் கையில் அள்ளியதும் வேறு வந்துவிட்டது. "என் வீட்டுக்காரர்கிட்ட சத்தம் போட்டுப் பேசுறத விட்டுட்டேன், தாயே" என்று சொல்லி முங்கிவிட்டேன்.

எழுந்து பார்த்தால் மதினி தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். "ஏட்டி கிறுக்கி, காயச் சொல்லுன்னா எதையோ சொல்லுத. அவனுக்குக் காது கேக்காது, நீ சத்தம் போட மாட்ட, அப்புறம் ரெண்டு பேரும் என்னத்தக் குடும்பம் நடத்துவிய?" என்று கரையே கேட்கும்படி கத்தினார்கள். பிடித்ததைத்தானே விட வேண்டும், உனக்குத் தம்பியிடம் சத்தம் போடுவது அவ்வளவு பிடித்தமா என்றும் கேட்டார்கள். பிடித்தமோ இல்லையோ, இரண்டு வருஷமாக நான் உங்களோடு குடும்பம் நடத்தியது அதை வைத்துத்தான். பரமசிவனைக் கேட்டோம். காய்தான் விட வேண்டும் என்று சட்டம் இல்லை, கங்கையில் சொன்னால் சொன்னதுதான் என்று கையை விரித்துவிட்டார்.

ஆக இனி நான் உங்களிடம் சத்தம் போட முடியாது. சாப்பிட வாங்க என்பதைக்கூடப் பக்கத்தில் வந்து மெதுவாகத்தான் சொல்வேன். சைகை காட்டுவேன் என்றோ, எழுதிக் காட்டுவேன் என்றோ நினைத்துக்கொள்ளாதீர்கள். எழுத்து தூரத்தில் இருப்பவர்களுக்கு. ஒரே வீட்டில் இருந்துகொண்டு உங்களுக்குக் கடுதாசி போட என்னால் ஆகாது.

கோபத்தில் செய்தேன் என்று நினைக்க வேண்டாம். கத்திச் சொன்னால் கெட்டுப்போகிற பேச்சுகள் இருக்கின்றன. அடுப்பு, ஆடு, மோட்டார், கரண்ட் எல்லாவற்றையும் கத்திச் சொல்லிவிடலாம். மேல் வலிக்கிறதா, ராத்திரி தூங்கினீர்களா, எனக்கு இன்றைக்கு மனசு சரியில்லை என்பதையெல்லாம் தெருவுக்குக் கேட்கும்படி எப்படிச் சொல்வது? சொல்லாமலே விட்டுவிட்டு வந்தேன். சேர்ந்து சேர்ந்து நெஞ்சில் கனமாக இருக்கிறது.

உண்மையைச் சொன்னால் எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. நீங்கள் பிடிவாதமாக இருந்துவிட்டால் மிச்ச வருஷத்தை ஒரு வார்த்தை பேசாமல் கழிக்க வேண்டியதுதான். கங்கையை ஏமாற்ற எனக்குத் தைரியம் கிடையாது. உங்களை நம்பித்தான் அந்த வார்த்தையை விட்டேன்.

நாளைக்குக் கயா, அங்கிருந்து அலகாபாத், அப்புறம் அயோத்தி. அடுத்த புதன்கிழமை காலையில் கோவில்பட்டியில் இறங்குகிறோம். அதற்கு முன்னால் இந்தக் கடிதம் வந்துவிடும் என்று பரமசிவன் சொல்லியிருக்கிறார், அவரே தபாலில் சேர்ப்பதாக வாங்கிப் போகிறார். ஸ்டேஷனுக்கு நீங்களே வாருங்கள். வேறு யாரையும் அனுப்ப வேண்டாம்.

மிஷின் பீரோவில் உங்கள் பட்டு வேட்டிக்கு அடியில் இருக்கிறது. புது பேட்டரியை வனிதா பக்கத்திலேயே வைத்திருக்கிறாள். அது கீய் என்று கத்தினால் கத்தட்டும், யார் சிரித்தாலும் நான் பக்கத்தில் நிற்கிறேன்.

நான் ரயிலைவிட்டு இறங்கி உங்கள் பக்கத்தில் வந்து நின்று ஒன்று சொல்லுவேன். அவ்வளவு கூட்டத்திலும் மெதுவாகத்தான் சொல்லுவேன். அது உங்களுக்குக் கேட்க வேண்டும் என்று நான் விஸ்வநாதரிடம் வேண்டிக்கொள்ளவில்லை. உங்களிடம்தான் கேட்கிறேன்.

உங்கள்
சங்கரம்மாள்