விட்டுப்போன அத்தான்

டிக்கோயா,
ஞாயிறு, பூசை முடிந்து.

அன்பு மகன் ஜூட்,

ஆண்டவர் உன்னையும் பிள்ளைகளையும் காப்பாராக. எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறையில்லை. மழைதான் விட்டபாடில்லை.

உங்கள் கம்பனிக் கந்தோர் அனுப்பிய தாள் கிடைத்தது. கொழுந்து பறிக்கும் வீரம்மா, தன் கங்காணி பழனியாண்டியைக் கோழி மாதிரிக் கழுத்தைத் திருகிவிடுவதாக மிரட்டினாள் என்று ஆங்கிலத்தில் அடித்திருக்கிறார்கள். மொழிபெயர்ப்பு சரிதான் என்று, ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியையான நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். "வசனம் சரியான்னு மட்டும் பாருங்கம்மா, மத்ததுல தலையிடாதீங்க" என்று நீயும் போனில் சொன்னாய். எழுதியிருக்கும் வசனத்தில் பிழையில்லை. ஆனாலும் நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

குடையையும் கைத்தடியையும் எடுத்துக்கொண்டு தேயிலை மலைக்கு ஏறினேன். வீரம்மாவுக்குப் பக்கத்து நிரையில் நின்ற காளியாயி நடந்ததைச் சொன்னாள். முதலில் வாயைக் கொடுத்தவன் பழனியாண்டிதான். "என்னா வீரம்மா, கொழுந்து பறிக்கிறியா, அதுக்குத் தல சீவி விடுறியா?" என்றானாம். அதற்கு அவள், "போங்க அத்தான், இன்னொரு வார்த்த பேசுனீங்க, கோழி மாதிரி கழுத்தத் திருகிப்புடுவேன்!" என்றிருக்கிறாள். மலையே சிரித்திருக்கிறது, அவனும் சேர்ந்து. அவன் அவளுக்கு அத்தை மகன். கேலி பேசும் முறை. இதைக் கைப்பேசியில் படம் பிடித்தவர், கங்காணிகளுக்கு மேலே இருக்கும் புதிய கண்டாக்கையா. வேற்றூர்க்காரர். அவருக்குத் தமிழ் தெரியும், இந்த மலை தெரியாது. அவர் வெட்டிக் கொடுத்த படத்துண்டில் பழனியாண்டியின் கேள்வியும் இல்லை, சிரிப்பும் இல்லை. ஆங்கிலத்தில் "அத்தான்" கூட விட்டுப்போயிற்று.

விளையாட்டுப் பேச்சு என்று பழனியாண்டியே கந்தோரில் போய்ச் சொன்னானாம். உறவுக்காரன் சாட்சி செல்லாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். உறவு என்பதால்தானே அவள் அப்படிப் பேசினாள்? இதனால் வேலை போனால், தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். இரண்டு பெண்பிள்ளைகளோடு அவள் எங்கே போவாள்?

உன் அப்பா உன்னைத் "திருட்டுப் பயலே" என்றுதான் தூக்கிக் கொஞ்சுவார். அதை யாரும் பொலிஸில் எழுதிக் கொடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை விசாரணைக்கு நானே வருகிறேன். முதல் கேள்வியிலிருந்து கடைசிச் சிரிப்பு வரை தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று மூன்று மொழியிலும் சொல்வேன். இதைக் குரல்பதிவாக அனுப்பாமல் கடிதமாக எழுதுவதும், யாரும் நடுவில் வெட்டக் கூடாது என்றுதான்.

கம்பனி சார்பில் நீதான் விசாரிக்கப் போகிறாய் என்று கேள்விப்பட்டேன். அங்கே என்னை அம்மா என்று கூப்பிடாதே. என் சாட்சியும் செல்லாமல் போய்விடும். திருமதி லோரன்ஸ் என்று கூப்பிடு. நானும் உன்னை ஐயா என்றே சொல்வேன். அதைக் கோபம் என்று எடுத்துக்கொள்ளாதே. முடிவு எதுவானாலும், வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போ, மகனே.

உனக்கு நீதியான நாவைக் கேட்டுச் செபிக்கும்
அம்மா,
சுகிர்தம் லோரன்ஸ்